பழைய லாரிக்கு டிஸ்க் பிரேக்: கோளாறு அறியும் முறை

சங்கத்துக்குச் சொந்தமான பழைய சிறு லாரியின் உழைப்பை நம் அங்கத்தினர் அனைவரும் அறிவர். நெசவாளர் சங்கமாயின், நூல் மூட்டைகளைக் கொண்டுவந்து இறக்கி, நெய்த சேலைகளை விற்பனை நிலையத்துக்கு எடுத்துச் செல்வது அதுவே. விவசாயிகள் சங்கமாயின், உர மூட்டைகளை ஏற்றி வருவதும், விளைபொருளைச் சந்தையிற் சேர்ப்பதும் அதுவே. எஞ்சின் நன்றாக ஓடுகிறது. புதிய வண்டி வாங்கவோ நிதியில்லை. இந்நிலையில், "பிரேக்கையாவது புதிய முறைக்கு மாற்றிவிடுவோம்" என்று நிர்வாகக் குழுவினர் கருதுவது இயல்பு. முன் சக்கரங்களின் டிரம் பிரேக்கை எடுத்துவிட்டு, பிற்கால வண்டிகளின் டிஸ்க் பிரேக்கைப் பொருத்தும் வேலையைச் செய்து தரும் பட்டறைகளும் இன்று உள்ளன.

இம்மாற்றம் முறையாக அமைந்தால் வண்டி முன்னிலும் செவ்வையாக நிற்கும். முறை தவறினாலோ, முன்பில்லாத கோளாறுகள் தோன்றும். அவற்றை வரிசையாக ஆராய்ந்து காரணம் காண்பது எவ்வாறு என்பதை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம். லாரி ஓட்டாத நமக்கு இது எதற்கு என்று அங்கத்தினர் சிலர் எண்ணக்கூடும். லாரியின் செலவுச் சீட்டு பொதுச் சபையில் நம் முன்னேதான் வருகிறது; லாரியில் செல்லும் சரக்கும், அதனை ஓட்டும் மனிதரும் நம்மவரே. ஆதலின் இது நம் எல்லோருக்கும் உரிய பாடமேயாகும்.

காற்றழுத்தத்தால் இயங்கும் ஏர் பிரேக் உள்ள பெரிய லாரிகளின் அமைப்பு வேறு. இங்கே கூறுவது பிரேக் ஆயிலால் இயங்கும் சிறு லாரிகளுக்கே பொருந்தும்.

1. ஒரு சங்கத்தில் நடந்தது

மலையடிவாரத்துச் சங்கமொன்றில் 1980களில் வாங்கிய டீசல் சிறு லாரி ஒன்று இருந்தது. நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக். நிர்வாகக் குழு தீர்மானம் நிறைவேற்றி, ஒரு பட்டறையில் முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் பொருத்தச் செய்தது. அதற்கடுத்த 4 மாதங்களில் பிரேக்குக்காக மட்டும் மூன்று செலவுச் சீட்டுகள் எழுதப்பட்டன. இரண்டு, முன் பேடுகளை மாற்றியதற்கு. ஒன்று, ஹப் பேரிங்கை மாற்றியதற்கு. முன் சக்கரம் கை வைக்க முடியாதபடி கொதிக்கிறது என்று டிரைவர் இருமுறை கூறினார். "முப்பது வருஷம் டிரம் பிரேக்கில் பழகியவர், புதியது அவருக்குப் பிடிக்கவில்லை" என்பதே அவருக்குக் கிடைத்த விடை.

ஒரு நாள் வாழைத்தார் ஏற்றி மலையிலிருந்து இறங்கும்போது பெடல் தரை வரை இறங்கிவிட்டது. டிரைவர் கியரைக் குறைத்து, கைபிரேக்கை இழுத்து, வண்டியை மலைப்பக்கத்து வடிகாலில் இறக்கி நிறுத்தினார். சரக்கில் பாதி நசுங்கிற்று. உடன் வந்த சுமையாளருக்கு மணிக்கட்டு முறிந்தது. ஆனால் பழுது பார்ப்போர் அரை மணி நேரம் கழித்து வந்து பெடலை மிதித்தபோது, அது கல்லைப்போல் உறுதியாக நின்றது. மறுநாள் பட்டறையில் ஓட்டிப் பார்த்தபோதும் குறையொன்றும் காணவில்லை. பிரேக் நன்றாக இருக்கிறது. ஆகவே டிரைவர் உண்மை கூறவில்லை என்று குழு முடிவு செய்தது. நஷ்டத்தை அவரது சம்பளத்தில் மாதந்தோறும் பிடித்தம் செய்யவும் தீர்மானம் எழுதப்பட்டது.

அத்தீர்மானத்தின் மீது வந்த முறையீட்டை விசாரிக்க நான் அனுப்பப்பட்டேன். மூன்று செலவுச் சீட்டுகளும் முன்பே என் பார்வைக்கு வந்தவையே. கையொப்பம், ரசீது, தீர்மான எண் எல்லாம் சரியாக இருந்தமையால் நானும் அவற்றை ஏற்றுக் குறியிட்டிருந்தேன். ஒரே வண்டியின் ஒரே உறுப்புக்கு 4 மாதத்தில் மூன்று முறை செலவு ஏன் என்று நான் கேட்கவில்லை. இக்குறையை முதலில் ஒப்புக்கொண்ட பின்னரே மேலே எழுதுவது முறையாகும்.

2. டிரம்முக்கும் டிஸ்க்குக்கும் உள்ள வேற்றுமை

டிஸ்க் பிரேக் புதிய கண்டுபிடிப்பன்று. இங்கிலாந்தில் பிரடெரிக் லான்செஸ்டர் என்பார் 1902ஆம் ஆண்டிலேயே அதற்குக் காப்புரிமை பெற்றார். 1953ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு லெ மான் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் கார் வென்ற பிறகு, அதன் பெருமை பரவிற்று. டிரம் பிரேக்கில் சூடு டிரம்முக்குள்ளேயே அடைபட்டு, பிடிப்புத் தளர்ந்துவிடும். டிஸ்க் திறந்த வெளியில் சுழல்வதால் விரைவில் ஆறும். நீர் பட்டாலும் விரைவில் உலரும். மலைச்சாலையில் இறங்கும் வண்டிக்கு இவை பெரிய நன்மைகள்.

ஆனால் இரண்டின் தேவைகளும் வேறு வேறு. அவற்றை மூன்றாக வகுத்து மனத்திற் கொள்ளலாம்.

முதலாவது, அழுத்தம். டிரம் பிரேக்கில், சுழலும் டிரம் தானே ஷூவை மேலும் உள்ளிழுத்து இறுக்குகிறது. டிஸ்க்கில் அத்தகைய உதவி இல்லை. பேடு எவ்வளவு அழுத்தப்படுகிறதோ, அவ்வளவே பிடிக்கும். ஆகவே டிஸ்க்குக்கு ஆயிலின் அழுத்தம் மிகுதியாக வேண்டும்.

இரண்டாவது, ஆயிலின் அளவு. டிரம்மிலுள்ள வீல் சிலிண்டர் சிறியது. டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பரின் பிஸ்டன் பெரியது. பெரிய பிஸ்டனைச் சிறிது தூரம் நகர்த்தவும் ஆயில் அதிகம் வேண்டும்.

மூன்றாவது, திரும்புதல். டிரம்மில் வலிய ஸ்பிரிங்குகள் ஷூவைப் பின்னுக்கு இழுத்துவிடும். காலிப்பரில் ஸ்பிரிங் இல்லை. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம், மிதிக்கும்போது சிறிது வளைந்து, விட்டதும் நிமிர்ந்து, பிஸ்டனை மயிரிழை தூரமே பின்னுக்குக் கொணரும். ஆயிலில் அழுத்தம் சிறிது மிஞ்சினாலும் அவ்வளையத்தால் பிஸ்டனைத் திருப்ப இயலாது.

இம்மூன்றில் ஏதேனும் ஒன்றைப் பட்டறை மறந்தாலும் கோளாறு உண்டாகும். முன் சக்கரத்தில் டிஸ்க்கைப் பொருத்துவது வேலையில் பாதியே. மாஸ்டர் சிலிண்டர், பூஸ்டர், வால்வுகள், பின் சக்கரத்து டிரம் ஆகியவற்றை அதற்கு இசையச் செய்வதே மற்றப் பாதி.

3. ஒரு சிறு கணக்கு

மூடிய குழாயிலுள்ள திரவத்தின் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்பது பாஸ்கல் கண்ட விதி. அவ்விதியைக் கொண்டு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

டிரைவர் பெடலை 30 கிலோ விசையுடன் மிதிக்கிறார். பெடல் நெம்புகோலாகி அதனை 6 மடங்காக்குகிறது. மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் மீது 180 கிலோ விழுகிறது. சிலிண்டரின் உள்விட்டம் 19 மி.மீ. ஆனால் அதன் பரப்பு ஏறக்குறைய 2.84 சதுர செ.மீ.; அழுத்தம் சதுர செ.மீ.க்குச் சுமார் 63 கிலோ. உள்விட்டம் 25 மி.மீ. ஆனால் பரப்பு 4.91, அழுத்தம் சுமார் 37 கிலோவே. அதே கால், அதே மிதி. சிலிண்டர் பெரிதானால் அழுத்தம் குறைகிறது.

அவ்வாறாயின் சிறிய சிலிண்டரே சிறந்ததோ எனில், அன்று. காலிப்பர் பிஸ்டனின் விட்டம் 54 மி.மீ. என்று கொள்வோம், பரப்பு 22.9 சதுர செ.மீ. இரு காலிப்பர்களிலும் பிஸ்டன் அரை மி.மீ. நகர்வதற்குச் சுமார் 2.3 கன செ.மீ. ஆயில் தேவை. இதனை அனுப்ப, 19 மி.மீ. சிலிண்டரின் பிஸ்டன் 8 மி.மீ. நகரவேண்டும், பெடல் ஏறக்குறைய 49 மி.மீ. இறங்கும். 25 மி.மீ. சிலிண்டரில் பெடல் 28 மி.மீ. இறங்கினாற் போதும். பின் சக்கரங்களின் தேவை இதற்கு மேல்.

விசையில் பெற்றதைத் தூரத்தில் கொடுக்கிறோம். தூரத்தில் பெற்றதை விசையில் கொடுக்கிறோம். ஆகவே பெடல் மிகவும் தாழ்ந்து இறங்கினால் சிலிண்டர் சிறிதாயிருக்கலாம். கல்லைப்போல் இருந்தும் வண்டி நிற்காவிடில் சிலிண்டர் பெரிதாயிருக்கலாம். காலிப்பருக்கு ஏற்ற அளவைத் தேர்ந்து, இரு பகுதிகளாகப் பிரிந்து இயங்கும் மாஸ்டர் சிலிண்டரையே பொருத்தவேண்டும். ஒரு பகுதியில் ஆயில் ஒழுகினாலும் மறுபகுதி வண்டியை நிறுத்த உதவும்.

4. கோளாறும் காரணமும்

பெடல் மிருதுவாக அமுங்குதல்: குழாயில் காற்று இருப்பதே முதற் காரணம். ஆயில் அமுங்காது, காற்று அமுங்கும். எத்தனை முறை காற்றை வெளியேற்றியும் இது தீரவில்லையாயின், காலிப்பரின் பிளீடர் நிப்பிள் எங்கிருக்கிறது என்று பாருங்கள். வலப்பக்கத்துக் காலிப்பரை இடப்பக்கத்தில் மாற்றிப் பொருத்திவிட்டால் நிப்பிள் கீழே வந்துவிடும். காற்றோ மேலே தங்கும். நிப்பிள் மேலே இருக்குமாறு காலிப்பர்களை இடம் மாற்றினாலன்றி அது வெளியேறாது. காற்றெடுக்கையில் மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்கி, அருகிலுள்ளதில் முடிப்பது பொதுவான வழக்கம்.

முதல் மிதியில் பெடல் தாழ்ந்து, இரண்டாம் மிதியில் உயர்தல்: பின் சக்கரத்து ஷூக்களின் இடைவெளி மிகுந்திருத்தல் இதற்கு அடிக்கடி காணும் காரணம். புதிதாகப் பொருத்திய முன் பக்கத்தையே எல்லோரும் நோக்குவதால், பின் டிரம்மைச் சரிசெய்ய மறந்துவிடுகிறார்கள். ஹப் பேரிங்கில் ஆட்டம் இருந்தால், பள்ளம் மேடுகளில் டிஸ்க் அசைந்து பேடுகளைப் பின்னுக்குத் தள்ளிவிடும்; அப்போதும் முதல் மிதி தாழும். மூன்றாவது காரணம், மாஸ்டர் சிலிண்டர் காலிப்பரை விடத் தாழ்ந்த இடத்தில் இருப்பது. பழைய வண்டிகள் பலவற்றில் அது தளத்துக்குக் கீழே சட்டத்தில் பொருத்தப்பட்டிருக்கும். வண்டி நிற்கும்போது ஆயில் மெல்லப் பின்னோக்கி இறங்கிவிடும். இதனைத் தடுக்க, சதுர செ.மீ.க்கு 0.14 கிலோ அழுத்தத்தை மட்டும் நிறுத்திவைக்கும் சிறு வால்வு முன் குழாயில் வேண்டும்.

பெடல் கடினமாயிருந்து வண்டி நிற்காமை: முதலில் பூஸ்டரைச் சோதியுங்கள். எஞ்சினை நிறுத்திவிட்டுப் பெடலைப் பலமுறை மிதித்தால் அது கெட்டியாகும். மிதித்த காலை எடுக்காமல் எஞ்சினை இயக்கினால், பெடல் சிறிது கீழிறங்கவேண்டும். இறங்காவிடில் பூஸ்டர் வேலை செய்யவில்லை. பூஸ்டருக்கு வெற்றிடம் தேவை. பெட்ரோல் எஞ்சின் தன் உறிஞ்சு குழாயிலேயே அதனை அளிக்கும். டீசல் எஞ்சின் அவ்வாறு அளிக்காது. டீசல் வண்டிக்கு வாக்குவம் பம்பு இன்றியமையாதது. பம்பு இல்லாமலோ, தேய்ந்த பம்புடனோ பூஸ்டரைப் பொருத்துவது, நீரில்லாக் கிணற்றுக்கு மோட்டார் வைப்பது போன்றதே. 20 செ.மீ. விட்டமுள்ள பூஸ்டர், நல்ல வெற்றிடம் இருந்தால் 200 கிலோ அளவுக்குத் துணை செய்யும். அத்துணையின்றிக் காலின் விசை மட்டும் டிஸ்க்குக்குப் போதாது.

வண்டி ஒருபக்கம் இழுத்தல்: ஒரு காலிப்பரின் நகரும் பின்கள் துருப்பிடித்து இறுகியிருக்கலாம், ஒரு பேடில் கிரீஸ் பட்டிருக்கலாம், ஒரு பக்கத்து ரப்பர் ஹோஸ் உள்ளே சிதைந்து அடைத்திருக்கலாம். டயர்களின் காற்று சமமாக உள்ளதா என்பதையும் பார்க்கவேண்டும்.

பெடல் துடித்தல்: டிஸ்க் கோணலாகச் சுழல்வதோ, அதன் கனம் இடத்துக்கிடம் மாறுவதோ காரணம். ஹப்பின் முகத்திலுள்ள பழைய துருவைச் சுரண்டாமல் புதிய டிஸ்க்கை அதன் மேல் அமர்த்தினாலும் இது நேரும். டயல் கேஜ் கொண்டு அளந்து காணலாம்.

வெறும் வண்டியில் பின் சக்கரம் முதலில் சறுக்குதல்: பிரேக் பிடிக்கையில் எடை முன்னோக்கிச் சாயும், பின் சக்கரத்தின் பிடிப்புக் குறையும். பின் டிரம்முக்குச் செல்லும் அழுத்தத்தைத் தக்கவாறு குறைக்கப் பிரபோர்ஷனிங் வால்வு வேண்டும். பாரத்துக்கும் வெறுமைக்கும் எடை வேற்றுமை மிகுந்த லாரியில், பாரத்தைப் பொறுத்து மாறும் வால்வே சிறந்தது. இதனை வண்டியில்லாத திறந்த மைதானத்தில், குறைந்த வேகத்தில் மட்டுமே சோதிக்கலாம்.

5. பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருத்தல்

எல்லாக் கோளாறுகளிலும் மிக அபாயமானதும், மிக அமைதியாக வளர்வதும் இதுவே. சம தரையில் சிறிது சூடு, சிறிது டீசல் செலவு, விரைவில் தேயும் பேடு, அவ்வளவே தெரியும். மலைச்சாலையிலோ விளைவு கடுமையாகும்.

காரணம் காண்பதற்கு ஐந்து படிகள் உள்ளன. வரிசையை மாற்றலாகாது. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பின் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, முன்புறத்தை ஜாக்கியால் தூக்கி, இரும்புத் தாங்கியின் மேல் அமர்த்துங்கள். ஜாக்கியையும் செங்கல்லையும் மட்டும் நம்பி வண்டிக்கடியில் எவரும் செல்லலாகாது. பெடலை ஒருமுறை மிதித்து விட்டபின், சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பாருங்கள்.

முதற்படி: சக்கரம் இறுக்கமாக இருந்தால், அக்காலிப்பரின் பிளீடர் நிப்பிளைச் சிறிது திறவுங்கள். அப்போதும் சக்கரம் விடவில்லையாயின், கோளாறு காலிப்பரிலேயே உள்ளது. பிஸ்டனோ, நகரும் பின்னோ இறுகியிருக்கிறது. ஆயில் பீறிட்டுச் சக்கரம் விட்டால், குழாயில் அழுத்தம் சிறைப்பட்டிருக்கிறது.

இரண்டாம்படி: நிப்பிளை மூடி, மீண்டும் மிதித்து விட்டு, சக்கரம் இறுகுவதைக் காணுங்கள். மாஸ்டர் சிலிண்டரைப் பூஸ்டருடன் பிணைக்கும் நட்டுகளைத் தளர்த்தி, சிலிண்டரைச் சிறிது முன்னால் நகர்த்துங்கள். சக்கரம் விட்டால், பூஸ்டரின் தள்ளுகோல் நீளமாயிருக்கிறது. அது பிஸ்டனை முழுதும் திரும்பவிடாமல், ஆயில் திரும்பும் சிறு துளையை மூடிவிடுகிறது.

மூன்றாம்படி: அதனாலும் விடவில்லையாயின், மாஸ்டர் சிலிண்டரிலிருந்து முன் சக்கரத்துக்குச் செல்லும் குழாயை அதன் வாயில் தளர்த்துங்கள். சக்கரம் விட்டால் கோளாறு மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கிறது.

நான்காம்படி: வாயைத் தளர்த்தியும் விடாமல், நிப்பிளைத் திறந்தால் மட்டும் விடுமாயின், இடையிலுள்ள ரப்பர் ஹோஸோ, வால்வோ அடைத்திருக்கிறது.

ஐந்தாம்படி: தளர்த்திய யாவற்றையும் இறுக்கி, காற்றை வெளியேற்றி, ஒழுக்கு இல்லை என்று கண்ட பின்னரே வண்டியைக் கீழே இறக்குங்கள்.

6. விசாரணையில் கண்டது

மேற்கூறிய சங்கத்தின் லாரியை, வேறோர் ஊரிலிருந்து வரவழைத்த மெக்கானிக் ஒருவர் என் முன்னிலையில் இவ்வரிசைப்படியே சோதித்தார். அதற்கு முன், நான் அறிந்த கருவியாகிய பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். டிஸ்க் பொருத்திய மாதம் முதல், லிட்டருக்கு ஓடும் தூரம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் குறைந்திருந்தது. குறைந்ததை டிரைவர் தம் கையாலேயே எழுதி வந்திருக்கிறார். அதனைப் படித்தவர் எவருமில்லை.

நிப்பிளைத் திறந்ததும் இரு முன் சக்கரங்களும் விட்டன. சிலிண்டரை நகர்த்தியபோது விடவில்லை. குழாயின் வாயைத் தளர்த்தியதும் விட்டன. மாஸ்டர் சிலிண்டரைப் பிரித்தபோது காரணம் வெளிப்பட்டது. பட்டறையார் நான்கு சக்கரங்களிலும் டிரம் உள்ள வண்டிக்குரிய சிலிண்டரைப் பூஸ்டருடன் பொருத்தியிருந்தனர். அத்தகைய சிலிண்டரின் வாயில் ஒரு சிறு ரப்பர் வால்வு இருக்கும். பட்டறைகளில் இதனைச் செக் வால்வு என்பர். இது குழாயில் சதுர செ.மீ.க்கு 0.7 கிலோ அளவு அழுத்தத்தை எப்போதும் நிறுத்திவைக்கும். டிரம்முக்கு இது வேண்டியதே. வீல் சிலிண்டரின் ரப்பர் உதடுகள் விரிந்து நின்று காற்றை உள்ளே விடாமல் காக்கும். ஷூவை இழுக்கும் ஸ்பிரிங்குகள் இவ்வழுத்தத்தை வென்றுவிடும். டிஸ்க்கில் ஸ்பிரிங் இல்லை. 0.7ஐ 22.9ஆல் பெருக்குங்கள். காலை எடுத்த பின்னும் 16 கிலோ விசை பேடை டிஸ்க்கின் மேல் அழுத்திக்கொண்டே இருந்தது.

பெடல் தரைக்கு இறங்கி மீண்டும் எவ்வாறு உறுதியாயிற்று? பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 என்னும் வகை, புதிதாயிருக்கையில் 205 பாகைக்குக் குறையாமல் தாங்கும். ஈரம் உறிஞ்சிய நிலையில் அதற்கு வகுத்த அளவு 140 பாகையே. டாட் 4 வகைக்கு இவ்வளவுகள் 230, 155 பாகைகள். லாரியில் இருந்த ஆயிலோ பழையது. பட்டறையார் குறைந்த அளவுக்கு மட்டும் புதிது ஊற்றியிருந்தனர். ஓயாமல் உரசிய பேடின் சூட்டோடு மலையிறக்கத்தின் சூடும் சேர்ந்து, காலிப்பரிலிருந்த ஆயில் கொதித்து ஆவியாயிற்று. ஆவி காற்றைப்போலவே அமுங்கும், பெடல் இறங்கிற்று. அரை மணியில் ஆறியதும் ஆவி மீண்டும் திரவமாயிற்று, பெடல் உறுதியாயிற்று. ஆறிய வண்டியைச் சோதித்தவர்களுக்குக் கோளாறு தெரியாததில் வியப்பில்லை. டிரைவர் கூறியது எழுத்துக்கு எழுத்து உண்மை.

முன் குழாயின் செக் வால்வு நீக்கப்பட்டது. அடுத்த நாள் காலையில் முதல் மிதி தாழ்ந்தது. அவ்வண்டியின் மாஸ்டர் சிலிண்டர் தளத்துக்குக் கீழே இருந்ததே காரணம். வேண்டாததை நீக்கியதோடு நில்லாமல், வேண்டியதைச் சேர்க்கவும் வேண்டும் என்பது அப்போது தெளிவாயிற்று. 0.14 கிலோ வால்வு முன் குழாயில் சேர்க்கப்பட்டது. பின் டிரம்முக்குரிய 0.7 கிலோ வால்வு அதன் இடத்திலேயே விடப்பட்டது. ஆயில் முழுவதும் மாற்றப்பட்டது. பாரத்துடன் மலையிறங்கிவந்து சக்கரங்களைச் சோதித்தபோது இருபுறமும் சூடு ஒரே அளவாக இருந்தது.

சம்பளப் பிடித்தத் தீர்மானம் ரத்தாயிற்று. பிடித்த தொகையைத் திருப்பித் தரும் கூட்டத்தில் டிரைவர் ஒன்றே கூறினார்: "பணம் கிடக்கட்டும் ஐயா, நான் பொய் சொல்லவில்லை என்று மினிட்டில் எழுதுங்கள்." அவ்வாறே எழுதப்பட்டது. சுமையாளரின் மருத்துவச் செலவைச் சங்கம் ஏற்றது. அவருடைய மணிக்கட்டு முன்போல் வளைவதில்லை. அதற்கு ஈடு எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

7. நிர்வாகக் குழுவின் கடமை

வேலையை ஒப்படைக்கும் முன், பட்டறையிடம் எழுத்து மூலம் கேட்கவேண்டியவை இவை: காலிப்பர் பிஸ்டனின் விட்டம் என்ன? மாஸ்டர் சிலிண்டர் எவ்வகை வண்டிக்குரியது? அதன் உள்விட்டம் என்ன? செக் வால்வு நீக்கப்பட்டதா? பூஸ்டருக்கு வெற்றிடம் எங்கிருந்து வருகிறது? பின் பிரேக்கின் அழுத்தம் எவ்வாறு குறைக்கப்படுகிறது? விடை தர மறுக்கும் பட்டறையில் வேலையை ஒப்படைக்கலாகாது.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றியது. 56ஆம் பிரிவு தகுதிச் சான்று பற்றியது. ஆகவே மாற்றம் செய்யும் முன்னரே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் விவரம் கேட்டுப் பெறுவதும், காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிப்பதும் குழுவின் பொறுப்பு.

பழைய ஷூக்களின் தூசியில் கல்நார் இருக்கக்கூடும். அதனை வாயாலோ காற்றுக்குழாயாலோ ஊதலாகாது, ஈரத்துணியால் துடைக்கவேண்டும். பிரேக் அமைப்பில் எஞ்சின் ஆயிலையோ மற்றக் கனிம எண்ணெயையோ ஊற்றினால் ரப்பர் உறுப்புகள் கெட்டுவிடும். மூடியிற் குறித்த வகையையே ஊற்றவேண்டும்.

லாரிப் பதிவேட்டில், தூரம், டீசல் என்னும் பத்திகளுக்கு அடுத்து, 'டிரைவர் கூறிய குறை', 'அதன்மேல் செய்தது' என்று இரு பத்திகள் சேர்ப்பது நலம். மாதந்தோறும் குழுவில் அவற்றைப் படிக்கவேண்டும். ஓர் உறுப்பு இரண்டாம் முறை பழுதாயின், மூன்றாவதை வாங்குமுன் காரணத்தைக் கேட்கவேண்டும். தறியில் ஒரே இடத்தில் இழை மீண்டும் மீண்டும் அறுந்தால், நெசவாளர் நூலை மட்டும் முடிந்துகொண்டிருப்பதில்லை. அச்சையும் விழுதையும் பார்க்கிறார். அந்த அறிவே இங்கும் வேண்டுவது. உறுப்பைக் குற்றம் கூறுமுன் அமைப்பைச் சோதிக்கவேண்டும். ஆளைக் குற்றம் கூறுமுன் இரண்டையும் சோதிக்கவேண்டும்.

படிப்பு வட்டத்தில் ஆராயவேண்டிய வினாக்கள்

1. டிரம்முக்கு நன்மை செய்யும் செக் வால்வு டிஸ்க்குக்குத் தீமை செய்வது ஏன்?

2. மாஸ்டர் சிலிண்டரின் உள்விட்டம் 22 மி.மீ. எனக் கொண்டு, 3ஆம் பகுதியிலுள்ள கணக்கைச் செய்து பார்க்கவும்.

3. நிப்பிளைத் திறந்ததும் சக்கரம் விடுகிறது. குழாயின் வாயைத் தளர்த்தினால் விடவில்லை. கோளாறு எங்கே?

4. நம் சங்க லாரியின் சென்ற ஆண்டுப் பதிவேட்டையும் செலவுச் சீட்டுகளையும் அருகருகே வைத்துப் படிக்கவும். ஒரே உறுப்புக்கு இருமுறைக்கு மேல் செலவு செய்த இடம் உண்டா? அதைப்பற்றி டிரைவர் என்ன கூறினார்? அவரையே வட்டத்துக்கு அழைத்துக் கேட்கவும்.